மெழுகுதிரியும் காகிதப் பூவும்

மாதா கோயில் மண்டபத்து மேசையில் ஒரு மெழுகுதிரியும் ஒரு காகிதப் பூவும் கிடக்கின்றன. வெளியே கண்டி மழை. பன்விலத் தேயிலைத் தோட்டத்துக் காய்ச்சல்காரர்களுக்கு மருந்து வாங்க, கல்லறைத் திருநாளில் எதை விற்பது என்று வாலிபர் சபை யோசிக்கிறது. "திரிதான். எல்லாரும் வாங்குவாங்க," என்கிறான் சுவக்கின். "அப்ப கல்லறை வாசல்ல திரி விக்கிற அந்தோனியம்மா அக்கா என்ன பண்ணுவாங்க? அன்னிக்கு வித்துத்தானே வருசம் பூரா அடுப்பெரியுது," என்கிறாள் ஐரின். "மழையில நனைஞ்ச காகிதப் பூவை யாரு வாங்குவா, ஒங்க மாமாவா?" என்று கேலி செய்கிறான் சுவக்கின். கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. சுவக்கின் நெடுநேரம் மெழுகுதிரியையே பார்க்கிறான். பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சிவப்புத் தாளை எடுத்து முதல் இதழை மடிக்கிறான். ஈர விரல்களில் அப்போதே சாயம் ஒட்டுகிறது.