ஐந்து இடங்களுக்கு இரண்டு பாஸ்

கவுன்டரில் அவன் முன்னால் இரண்டு பாஸ்கள் கிடந்தன.

இரண்டும் நீலம். ஒன்றில் அவன் பெயர். மற்றதில் சுடர்க்கொடி.

எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டையில் கஸ்தூரி என்று பெயர்ப்பட்டை. சிங்கப்பூர்க்காரர். அவன் பாஸ்போர்ட்டில் சென்னையைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறியிருந்தார்.

“வொய்ஃப் வரலியா தம்பி?”

“வரல.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அவன் பைக்குள் இறப்புச் சான்றிதழின் பதினோரு நகல்கள் இருந்தன. நான்கு மாதமாக எந்தக் கவுன்டரில் போய் நின்றாலும் அதைத்தான் கேட்டார்கள். வங்கியில். காஸ் ஏஜென்சியில். அவளுடைய சிம் கார்டை நிறுத்தப் போன கடையில். இப்போதும் கை தானாகவே பைக்குள் போய் ஒரு நகலின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

இங்கே கேட்கவில்லை.

கையை வெளியே எடுத்தான்.

பாஸைத் தேர்ந்தெடுத்தவள் சுடர். ஒரு மாதம் உட்கார்ந்து அலசினாள். மூன்று நாளைக்குள் எத்தனை இடம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பாஸ் இருந்தது. நாள் கணக்கில்லாமல் ஐந்து இடம் என்று இன்னொன்று.

“நீ ஒரு மீன் தொட்டி முன்னாடியே அரை நாள் நிப்ப. உனக்கு நாள் கணக்கு ஒத்துவராதுப்பா” என்று சொல்லி ஐந்து இடத்தை வாங்கினாள்.

விமான டிக்கெட்டும் அவள் போட்டதுதான்.

தேதி வந்தது. ஏறிவிட்டான்.

“மீன் காட்சியகம், பறவைப் பூங்கா, கேபிள் கார், ராட்டினம். நாலு போட்டாச்சு” என்றார் கஸ்தூரி. “அஞ்சாவது காலியா இருக்கே. எது?”

அவள் எழுதிய தாளைப் பிரித்தான். நான்கு இடங்களுக்கு எதிரே டிக் அடித்திருந்தாள். ஐந்தாவது வரியில் இடத்தின் பெயர் இல்லை. ‘இதை நீ சொல்லு’ என்று மட்டும் இருந்தது.

அவன் சொல்லவே இல்லை. எதைக் கேட்டாலும், உனக்கு எது பிடிக்குதோ அது, என்பான். அதில் அவளுக்குக் கோபம்.

கவுன்டருக்கு மேலே இருந்த பட்டியலில் இருபத்திரண்டு இடங்கள் இருந்தன. மேலிருந்து கீழே படித்தான். கீழே வந்தபோது மேலே என்ன இருந்தது என்பது மறந்துபோனது.

பின்னால் யாரோ தள்ளுவண்டிக் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“அவளைக் கேட்டுச் சொல்றேன்.”

சொல்லிவிட்டான்.

கஸ்தூரி சிரித்தார். “கேளுங்க, கேளுங்க. கேக்காம முடிவு பண்ணிட்டு ஊருக்குப் போயி யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

போனை எடுத்தான். அவள் பெயர் முதலில் இருந்தது. அந்த எண்ணை நிறுத்தியதே அவன்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“எடுக்கலியா? பரவால்ல, நாளைக்குச் சொல்லுங்க.” கஸ்தூரி ஒரு திரையை அவன் பக்கம் திருப்பினார். “இன்னொரு விசயம் தம்பி. அவங்க வரலன்னா அவங்க பாஸ கேன்சல் பண்ணிக்கலாம். ஒரு வாட்டி கேட்ல காட்டிட்டா முடியாது. காரணத்தை மட்டும் தொடுங்க.”

திரையில் நான்கு காரணங்கள் இருந்தன.

பயணத் திட்டம் மாறியது.

உடல்நலக் குறைவு.

விமானம் ரத்து.

மற்றவை.

விரல் முதல் வரியில் நின்றது. இரண்டாவதற்கு வந்தது. அவள் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளும் அதுதான் சரியான காரணம். இப்போது அதுவும் இல்லை. நான்காவதன் அருகே போய்த் திரும்பிவிட்டது.

“அப்புறமா பண்றேங்க.”

“பண்ணுங்க. ஆனா ஞாபகம் வச்சுக்குங்க, கேட்ல உங்களுத மட்டும் காட்டணும்.”

தலையாட்டினான்.

மீன் காட்சியகத்தின் கேட் பத்தடி தள்ளி இருந்தது. இரண்டு கண்ணாடிக் கதவுகள், பக்கத்தில் பாஸைக் காட்ட ஒரு சிறிய விளக்கு. சென்னை மெட்ரோவில் இருப்பதைப் போலத்தான்.

மெட்ரோவில் ஒருமுறை அந்தக் கதவு சுடரின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து இரண்டு கார்டும் அவனிடம்தான். முதலில் அவளுடையதைக் காட்டுவான். துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடிவிடுவாள். அந்தப் பக்கம் நின்று, “வா, வா” என்று கையசைப்பாள். பிறகு அவனுடையது.

நான்கு வருடம், தினமும் காலையில்.

கேட்டின் முன் வந்தான். பாஸைக் காட்டினான்.

விளக்கு பச்சையானது. கதவுகள் விலகின.

அவன் நகரவில்லை. ஓரமாக ஒதுங்கி, வழி விட்டு நின்றான்.

மூன்று விநாடி. நான்கு.

கதவுகள் மூடிக்கொண்டன. சுடர்க்கொடி என்ற பெயரும், அதன் கீழே மீதம் 4 என்பதும் சின்னத் திரையில் தெரிந்து அணைந்தன.

கஸ்தூரி கவுன்டரை விட்டு எழுந்து வந்தார்.

“என்ன தம்பி, படிச்சுப் படிச்சு சொன்னேனே. அவங்க பாஸ காட்டிட்டீங்களே. இனிமே கேன்சல் பண்ண முடியாதே.”

அவன் கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நீல வெளிச்சத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“உள்ள போயிட்டா” என்றான்.



அவன் தன்னுடைய பாஸைக் காட்டினான். கதவுகள் விலகின.

இந்த முறை நிற்கவில்லை. ஒருவரைக் காக்க வைத்துவிட்டவனைப் போல வேகமாக நடந்தான்.