சோடாவுக்குத் தெரியக்கூடாத சங்கதி

செண்பகம் வளர்த்த நாய்க்குப் பேர் சோடா. மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து அது படுத்திருக்க, வீட்டுப் பூனை மெதுவாகக் கிட்டே வந்தது.

"ஏன்டா, உன் வயித்துல இருக்கிறது வெறும் கட்டி இல்லையாமே, புற்றுநோயாமே? உனக்குத் தெரியக்கூடாதுன்னு செண்பகம் அடுப்படியில குசுகுசுன்னு பேசி அழறா."

"டாக்டர் சொல்றதுக்கு முந்தியே நான் மோந்து பாத்துட்டேன்டி," என்றது சோடா.

"பின்னே ஏன் காட்டிக்கல?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, என் முன்னாடியும் அழுவா. இப்ப இங்கயாச்சும் சிரிக்கிறாளே."

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சின்னக் கட்டிதான்டா தங்கம், ரெண்டு ஊசியில ஓடிப்போயிரும்," என்று சிரித்தாள்.

சோடா நம்பின மாதிரியே வாலை ஆட்டியது.

வாலால்கூடப் பொய் சொல்லலாமா என்று பூனைக்கு ஒரே ஆச்சரியம். தன் வாலையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.