பொதுக்குண்டு

சாம்பலைக் கரைக்க ஆற்றில் நீரில்லாத அந்த ஊரில், இறந்தவர்களின் அஸ்தியை வாணக்குண்டில் அடைத்து வானத்தில் வெடிப்பதே காரியமாகிவிட்டது. வசதியுள்ளவர்களுக்குத் தனிக்குண்டு, சாமந்தியாக விரியும், பனையோலையாகச் சாயும். மற்றவர்களுக்கு நாற்பது பேருக்கு ஒரு பொதுக்குண்டு. மூன்று நொடியில் முடிந்துவிடும்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு எந்தப் பொறின்னு மட்டும் சொல்லுங்க. அதைப் பாத்துக் கும்பிட்டுக்கிறேன்,” என்று குண்டு அடைக்கும் லூர்துசாமியிடம் கெஞ்சினாள் வடிவு.

அது யாருக்கும் தெரியாது. ஆனாலும் மனம் கேட்காமல், மெதுவாக எரியும் மருந்து உருண்டை ஒன்றை விதியை மீறி உள்ளே வைத்தார். “கடைசியா இறங்குறதைப் பாரும்மா,” என்றார்.

குண்டு வெடித்தது. எல்லாம் அணைந்த பிறகும் ஒரு பொன்பொறி தயங்கித் தயங்கி இறங்கியது. வடிவு கைகூப்பினாள். பக்கத்தில் நின்ற பெரியவர் அழுதுகொண்டே அவள் பக்கம் திரும்பினார்.

“அந்தா, என் மவ! என் மவதானே அது?”

வடிவு லூர்துசாமியைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தார். கூப்பிய கைகளை அவள் மெல்லப் பிரித்தாள்.

“ஆமாய்யா, உங்க மவதான். எங்க வீட்டுக்காரரு எதுலயும் அவசரக்காரரு. முதல்லயே அணைஞ்சிருப்பாரு.”