ஐந்தாவது மரம்

கயிற்றின் ஒரு நுனி ஆறாவது சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தது. மறு நுனி தனக்கோடியின் உள்ளங்கை வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் ஆயா. மணி அடிப்பாள், பெருக்குவாள், தண்ணீர்ப் பானையை நிரப்புவாள். கயிறு பிடிப்பது இன்றைக்குச் சேர்ந்த வேலை.

டெல்லியிலிருந்து உத்தரவாம். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உடல் தகுதிச் சோதனை. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், பந்து எறிய வேண்டும். தேறியவர்களுக்கு நட்சத்திரம் போட்ட பேட்ஜ். நோஞ்சான்களுக்கு என்ன என்று உத்தரவு எழுதியவருக்குத் தோன்றவில்லை.

டிரில் மிஸ் ஜூடித், பிரேசர் டவுனிலிருந்து சைக்கிளில் வருபவர், எதையும் முறையாகச் செய்பவர். புது மீட்டர் டேப்பைப் பிடித்து நேற்றே ஐம்பது மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். காலைத் தூறல் கோட்டைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. கோடு ஆறாவது மரத்துக்கு நேராக இருந்தது மட்டும் ஞாபகம் இருந்ததால் பிழைத்தார்.

பள்ளிக்கு ஒரே டிரில் மிஸ், ஒரே ஸ்டாப்வாட்ச். அதனால் மிஸ் புறப்படும் இடத்தில் நின்று விசில் ஊதுவார். பிள்ளை ஓடிவந்து கயிற்றைத் தொட்டதும் ஆயா கையைத் தூக்குவாள். அதைப் பார்த்து மிஸ் வாட்சை நிறுத்துவார்.

இருபத்தாறு பேர் ஓடிவிட்டு மிஸ்ஸிடமே திரும்பிவிட்டார்கள். அடுத்து ருக்மிணி.

ருக்மிணி தனக்கோடியின் மகள். பதினொரு வயது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். பெரியாஸ்பத்திரி டாக்டர் தனக்கோடியைத் தனியாகக் கூப்பிட்டுக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை. நடக்கட்டும், படிக்கட்டும், பிற்பாடு கல்யாணம்கூட ஆகட்டும். ஓட மட்டும் விடாதே.

மகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்தப் பயமே அவளைத் தின்றுவிடும் என்று தாய் நினைத்தாள். பள்ளிக்கும் தெரியாது. சேர்க்கும்போது நோய் நொடி உண்டா என்று குமாஸ்தா கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று கைநாட்டு வைத்துவிட்டாள். ஆயாவின் மகள் என்று பள்ளிச் சம்பளம் வாங்காமல் கொடுத்த இடம். பொய் வெளியே வந்தால் அந்த இடம் போகும், தன் வேலையும் கூடவே போகும் என்று அவள் நம்பினாள். மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் பயம்தானே.

காலையில் பின்னல் போடும்போதே சொல்லிப் பார்த்தாள், கால் வலி என்று சொல்லிவிடு என்று. ருக்மிணி சிரித்தாள்.

"போம்மா! நான் ஸ்டார் வாங்கப் போறேன்."

இதோ, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புறப்படும் இடத்தில் வந்து நிற்கிறாள். மிஸ் குனிந்து, முன்னால் ஓடியவளின் நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

தனக்கோடி மரத்தருகே போனாள். சட்டென்று கயிற்றை அவிழ்த்தாள். பத்தடி முன்னால் வந்து ஐந்தாவது மரத்தில் கட்டினாள்.

பத்தடி குறைந்தால் ஓட்டம் ஓட்டமில்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கேள்வியெல்லாம் அவளுக்கு வரவில்லை. அவளால் முடிந்தது அந்தப் பத்தடி.

அங்கிருந்து பார்த்தால் மரங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மிஸ் நிமிர்ந்தார். விசில்.

ருக்மிணி ஓடிவந்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தாள். தனக்கோடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தாள். மாரியாத்தா, மாரியாத்தா, மாரியாத்தா. மகளின் நெஞ்சு கயிற்றில் பட்டது. தனக்கோடி கை தூக்கினாள்.

மகள் மரத்தைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். உதட்டோரம் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள். முடிந்தது, இனி ஓட்டமில்லை என்று தனக்கோடிக்கு அழுகை வந்தது. முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

அங்கே மிஸ் வாட்சைக் குலுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஆயா! இவ்வளவு ஃபாஸ்ட்டா எந்தப் பிள்ளையும் ஓடல, வாட்ச் மக்கர் பண்ணுது போல! ருக்மிணியை இன்னொரு தடவை அனுப்பு. அதே டைம் வந்தா சனிக்கிழமை ஸ்டேடியத்துல நம்ம ஸ்கூலுக்கு அவதான் ஓடுவா, நாலு ரேஸ்!"

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போனது குரங்காய் முடிந்தது. தனக்கோடி வாயைத் திறந்தாள். கயிற்றைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொன்னால் எல்லாம் வெளியே வரும். எதைச் சொல்வது என்று அவள் தேடி முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த மகளைக் காணோம்.

"நடந்து போடி, ருக்கு! நடந்து போ!"

ருக்மிணி புறப்படும் இடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு பின்னலும் குதித்தன.

தனக்கோடி ஐந்தாவது மரத்தைப் பார்த்தாள். கயிறு இங்கேயே இருந்தால் அதே டைம், சனிக்கிழமை நாலு ஓட்டம்.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் நெஞ்சுக்குத் தான் கொடுத்த பத்தடியையும் தானே திருப்பி எடுத்துக்கொண்டு, ஆறாவது மரத்துக்கு நடந்தாள்.

கட்டி முடித்துத் திரும்பும்போது விசில் கேட்டது.