மைக்செட்டின் சம்பளம்

காபி மெஷின் முன்னால் நின்றுகொண்டு அந்த மனிதர் தன் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காதோடு காதாக அல்ல. கடைசி மேஜை வரை கேட்கிற மாதிரி.

"இந்த வருஷமும் ஏத்திட்டாங்க. கேட்டேன், குடுத்தாங்க. அவ்வளவுதான் விஷயம்."

ஆபீஸில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர். மற்றவர்கள் சம்பளத்தை வியாதி மாதிரி மறைத்துவைப்பார்கள். இவர் மட்டும் வருஷா வருஷம் தொகையோடு அறிவிப்பார். அவர் நகர்ந்ததும், "இந்த வயசுல இப்படி ஒரு பீத்தலா?" என்று எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள்.

எதிர் இருக்கைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் அவரும் ஒரே மென்பொருளைத்தான் எழுதுகிறார்கள். ஒரே வேலை, ஒரே பதவி. ஆனால் அவர் சொன்ன தொகையில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான் அவள் சம்பளம்.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கிவைக்காமல் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். தலைக்கனம் பிடித்த மனுஷன், அடுத்தவர் வயிறு எரிவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் நிதானமாகக் கேட்டான்.

"அவர் கேட்டேன்னு சொல்றாரே. நீ என்னைக்காவது கேட்டிருக்கியா?"

அவள் அப்போதுதான் பையை இறக்கிவைத்தாள். சேர்ந்தபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை அதன்மேல் தூவியதையும் வாங்கிக்கொண்டாள். கேட்டதே இல்லை.

அன்றைக்குக் கணவன் மேனேஜராக நடித்தான். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு முடியாது, முடியாது என்று அவன் தலையாட்ட, அவள் சிரித்துச் சிரித்தே பேசப் பழகினாள்.

மறுநாள் நிஜ மேனேஜரின் கதவைத் தட்டும்போது சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வாடிக்கையாளர்கள் பணம் கட்டும் பக்கம் முழுவதும் தான் எழுதியது. போன மாதம் அது படுத்துக்கொண்டபோது விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சரிசெய்தது. கடைசியில், மைக்செட் வாங்குவதாகச் சொன்ன அந்தத் தொகையையே கேட்டும்விட்டாள்.

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். இங்கே இந்த வேலைக்கு யாருக்கும் அவ்வளவு கிடையாது என்றார்.

பச்சைப் பொய் என்று நினைத்துக்கொண்டாள். மைக்செட்டின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவரை மாட்டிவிட மனம் வராமல் விழுங்கிக்கொண்டாள்.

"யாருக்கு எவ்வளவுன்னு நான் கேக்கல சார். என் வேலைக்கு இதுதான் சம்பளம். இங்க இல்லைன்னா வெளியில தேடிக்கிறேன்."

பேசியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்வதாக மேனேஜர் அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுக்க அவள் மேனேஜரின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். கேட்டதை அப்படியே, காசு குறையாமல் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவனுக்கு போன் செய்தாள். பேச்சு வராமல் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நேரே மைக்செட்டின் மேஜைக்குப் போனாள். இனி அந்த மனிதர் தன்னிடம் அளக்க முடியாதே.

"நீங்க வாங்குறதையே எனக்கும் குடுத்துட்டாங்க சார்."

அவர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். நிஜமாகவா, முழுசாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முகமெல்லாம் பூரிப்பு. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் அவ்வளவு வாங்கலங்க. இத்தனை நாள் நீங்க வாங்கினதுதான் எனக்கும். வெளியில நம்ம வேலைக்கு அவ்வளவு குடுக்கிறாங்க. போய்க் கேளுங்கன்னா இங்க ஒருத்தரும் அசைய மாட்டீங்க. எனக்குக் கிடைச்சிடுச்சுன்னு சொன்னா, அந்த எரிச்சல்லயாவது போய்க் கேப்பீங்கன்னுதான்..."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நீங்க கேக்கவே இல்லையா சார்?"

"வருஷா வருஷம் கேக்கிறேன். 'அவ்வளவு வாங்குற ஒரு ஆளை இங்க காட்டுங்க'ன்னு சொல்லி மேனேஜர் அனுப்பிடுவார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தத் தடவை உங்களைக் காட்டலாமா?"