பத்தொன்பது தொட்டிகள்

"நாலு ரோடு கூடுற இடத்துல பூந்தொட்டி வச்சிருக்கீங்களே, இதென்ன உங்க வீட்டுக் கொல்லைன்னு நெனைப்பாம்மா?"

லாரியை விட்டு இறங்கும்போதே இன்ஜினியர் கத்திக்கொண்டுதான் இறங்கினார். பின்னாலேயே தொட்டிகளை அள்ளிப்போக மேஸ்திரியும் இரண்டு ஆட்களும்.

முக்குக் கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "வாங்க சார், வாங்க!" என்றாள், விருந்தாளி வந்ததுபோல.

அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். கையிலிருந்த புகாரை உரக்கப் படித்தார்.

"'தையல்கடைக்காரி நான்கு மூலைகளிலும் பத்தொன்பது தொட்டிகள் வைத்து, சுவரிலிருந்து ஏழடி மூன்றங்குலம் வரை பொதுச்சாலையை ஆக்கிரமித்திருக்கிறாள். இப்படிக்கு, பொதுமக்கள்.' என்னம்மா சொல்றீங்க?"

பொதுமக்களில் எந்த மகராசனோ, அங்குலக் கணக்காக அளந்து எழுதியிருந்தான். தாளின் ஓரத்தில் நீலமாக ஒரு விரல் கறை வேறு.

"அளவு சரிதான் சார். அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. அப்புறம் தூக்கிட்டுப் போங்க, நான் குறுக்க வரமாட்டேன்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இன்ஜினியர் வேண்டாவெறுப்பாக நின்றார்.

பறந்து வந்த கார் ஒன்று தொட்டிகளைப் பார்த்ததும் பூனையாய் அடங்கி, மெல்லத் திரும்பிப் போனது. தொட்டிகளின் மறைவில் காலூன்றி நின்ற சைக்கிள் பிள்ளைகள் நிதானமாகக் கடந்தார்கள். ஊன்றுகோல்காரர் ஒருவர் பாதி ரோட்டைத் தாண்டினாலே போதுமாக இருந்தது, மீதியில் வண்டி வராதபடி தொட்டிகள் அடைத்திருந்தன. பள்ளி வேன்கூட ஒரு தொட்டியையும் உரசாமல் சாண் இடைவெளியில் வளைந்து சென்றது.

இன்ஜினியர் டேப்பை எடுத்தார். ஒரு மூலையை அளந்தார். நம்பாமல் நான்கையும் அளந்தார்.

"இதை டிசைன் பண்ண எங்க ஆபீஸ்ல ஆறு மாசம் ஆகும். யாரும்மா பிளான் போட்டுக் கொடுத்தது?"

"புழுதி சார்."

"என்னது?"

"சக்கரம் போற இடத்துல புழுதி தங்காது. போகாத இடத்துல படிஞ்சு கிடக்கும். உக்காந்த இடத்துலேருந்து தினமும் அதைத்தானே பார்க்கிறேன். ஒரு நாள் விடியற்காலைல போய், புழுதி ஓரமா துணிக்குப் போடுற நீலச் சாக்குக்கட்டியால கோடு போட்டேன். வண்டிக்கு வேண்டாத இடம்தானே, நடக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டேன்."

கடைக்குள் ஒரு பெஞ்சைக் காட்டினாள். அதன்மேல் துணி மூட்டைகள்.

"ரெண்டு வருஷத்துல அடிபட்ட பதினோரு பேரை இதுலதான் படுக்க வச்சோம். தொட்டி வச்சு நாலு மாசமாச்சு. இப்ப துணி வைக்க இடம் கிடைச்சிருக்கு."

இன்ஜினியருக்கு இத்தனை வருடம் படித்ததும் கிழித்ததும் கண்முன்னே வந்து போயின.

"தூக்கலாமா சார்?" என்றார் மேஸ்திரி.

"கை வச்சே, ஒடிச்சுப்புடுவேன்! இதே கோட்டுல சிமெண்ட் திட்டு கட்டணும்யா. நாளைக்கே எஸ்டிமேட் போடறேன். அதுவரைக்கும் ஒரு தொட்டி அசையக்கூடாது."

அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

அவருக்கோ புகார் எழுதினவன்மேல் ஆத்திரம் பொங்கியது. "இப்படிப்பட்ட காரியத்தைப் போட்டுக்கொடுக்க எவனுக்கு மனசு வந்துச்சு? அந்தப் பாவி மட்டும் கையில கிடைக்கட்டும்!"

அம்மாள் கும்பிட்ட கையைப் பிரித்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் நீலச் சாக்குக்கட்டி.

"நான்தான் சார். 'ஆளுங்க அடிபடுறாங்க'ன்னு ஏழு மனு போட்டேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. 'ரோட்டை ஆக்கிரமிச்சுட்டாங்க'ன்னு ஒண்ணே ஒண்ணு போட்டேன். மூணாம் நாளே லாரியோட வந்துட்டீங்க."