பகல் தூக்கம்

"இடுப்பு கழண்டு வுழுதுமே. ஒரு மணி நேரம் படுத்து எழுந்துக்கறேன், அப்பால ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான் ஏனோக்.

விடிய விடியச் சுரங்கத்துக்குள் டிரில் பிடித்துவிட்டு வந்திருந்தான். டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பியது. கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம்னு படுப்பீங்க. சாயங்காலம்தான் கண்ணு முழிப்பீங்க" என்றாள் அவன் மனைவி நேசமணி. "அதுக்குள்ள டாக்டரம்மா வூட்டுக்குப் போயிடுவாங்க."

அவன் பாயைப் பார்த்தான். பாயில் மகள் வின்னி மல்லாந்து கிடந்தாள். பிறந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் கழுத்து நிற்கவில்லை. உட்காரவைத்தால் துணி மூட்டைபோலச் சரிந்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவினாள்.

சுரங்கத் தொழிலாளர் லைனில் பக்கத்துத் தட்டி வீட்டு வெங்கடம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். பிள்ளைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள்தான்.

"இன்னா ஏனோக்கு, இன்னிக்காவது இட்டுனு போறியா? மணல்ல குழி நோண்டி இடுப்பு வரைக்கும் நிக்க வைய்யின்னு எத்தினி நாளா கத்தறேன்! என் தம்பி மவன் அப்டித்தான் நின்னான்."

"நிக்க வைக்க எலும்பு வேணுமேக்கா. இது கேப்பக் களியாட்டம் கீது."

"நீ திங்கற களிதான் புள்ளையா வந்து பொறந்துகீது."

ஏனோக் சிரித்தான். நேசமணி சிரிக்கவில்லை.

"ஆனா புள்ள தங்கம்க்கா" என்றான் அவன், மகளின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே. "இந்த லைன்ல வேற எந்தப் புள்ள பகல்ல சும்மா கீது? ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, நான் எழுந்துக்கற வரைக்கும் ஒரு சிணுங்கல் கிடையாது. அப்பன் கஷ்டம் தெரிஞ்ச புள்ள."

வெங்கடம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல டாக்டருகிட்ட காட்டு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வின்னியின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்ல எழுப்பிப் பார்த்தாள். உடம்பு வந்தது. தலை பின்னாலேயே தொங்கியது. குப்புறப் போட்டாள். போட்டபடி கிடந்தது. இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். அடுத்த கண்ணையும் பார்த்தாள்.

"பால் நல்லாக் குடிக்கிறாளா?" என்று நேசமணியிடம் கேட்டாள்.

"ரெண்டு வாய் குடிக்கும், தூங்கிடும்" என்றான் ஏனோக்.

"தூங்க வைக்க ஏதாவது குடுக்கறீங்களா?"

"எதுக்குங்க? தானாத் தூங்கும்."

"அந்த அம்மா பேச மாட்டாங்களா?"

"அவ பயந்துனு கீறா. நீங்க என்னைக் கேளுங்க."

டாக்டரம்மா டார்ச்சை மேஜைமேல் வைத்தாள். "அப்ப நீங்களே கேட்டுக்குங்க. கருமணி ரெண்டும் ஊசி முனையாட்டம் சுருங்கியிருக்கு. யாரோ இவளுக்கு அபின் குடுத்துட்டு வர்றாங்க. சர்க்கார் அபின் கடையையே மூடிட்டு வருது, நீங்க பிள்ளை வாயில வைக்கிறீங்க. முழிச்சிருந்தாத்தானே குழந்தை கைகால் உதறும், புரளும், உட்காரும்? பாலும் உள்ள போகல. பிறகு எலும்பு எங்கிருந்து வரும், சதை எங்கிருந்து வரும்?"

"நிறுத்திட்டா நடக்குங்களா?" என்றான் ஏனோக்.

"திடீர்னு நிறுத்தக் கூடாது. இங்க வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. போய்த் துணிமணி எடுத்துட்டு வாங்க."

துணி எடுக்க மூன்று பேரும் திரும்பினார்கள். லைனுக்குள் நுழைந்ததும் ஏனோக் தன் வீட்டைத் தாண்டி நேரே வெங்கடம்மா வாசலுக்குப் போனான்.

"வெளிய வாடி!"

அக்கா என்று மட்டுமே கூப்பிட்ட வாய். வெங்கடம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். நாலு வீட்டுக் கதவு திறந்தது.

"உன் கெழவன் இருமலுக்குத் திங்கற அபினை என் புள்ள வாயில வச்சியா? எண்ணெ தேய்க்கிறேன், தண்ணி ஊத்தறேன்னு வந்து இதத்தான் பண்ணியா? உனக்கு நான் இன்னாடி கெடுதல் பண்ணேன்?"

வெங்கடம்மா அவன் தோளைத் தாண்டி நேசமணியைப் பார்த்தாள். "நானாம்மா வச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

"அவளை இன்னா கேக்கற? என்னப் பார்த்துச் சொல்லு!" ஏனோக் கையை ஓங்கினான்.

பிள்ளையை இடுப்பில் அணைத்தபடி நேசமணி அந்தக் கையைப் பிடித்தாள்.

"அக்காவ அடிக்காதீங்க. வேணாம் வேணாம்னுச்சு. கால்ல வுழுந்து வாங்கினது நான். மார்ல தடவிக் குடுத்ததும் நான்."

"நீயா? ஏண்டி?"

"பொறந்த மாசம் இது பகலெல்லாம் அழுதப்ப நீங்க இன்னா சொன்னீங்க? 'தூக்கமில்லாம டிரில் புடிச்சா ஒரு நாளைக்கு என்னைப் பொணமாத்தான் மேல ஏத்துவாங்க. அதோட அழுகை வேணுமா, என் உசுரு வேணுமா, நீயே முடிவு பண்ணிக்கோ'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். ஊர்ல நாலு பேரு குடுக்கறதுதானேன்னு குடுத்தேன்."

ஏனோக்குக்கு அப்படிச் சொன்னது நினைவில்லை. அன்றைக்கு அழுகை சட்டென்று நின்றதும், தான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கியதும்தான் நினைவிருந்தது. அன்றிலிருந்து அவன் தூங்கிய தூக்கமெல்லாம் வின்னியின் கையிலிருந்தும் காலிலிருந்தும் எடுத்தது. மகளுக்கு அவன் ஒரு வருஷம் கடன்பட்டிருந்தான்.